முழங்கால் வரை ஈரம்

முன்மொழிவு எட்டுப் பக்கம் இருக்க வேண்டும்.
என்னிடம் இருப்பது ஒரு வரி:
மேடையில் மழை பெய்யாது.

பெர்கனில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.
இங்கே செப்டம்பரில் பிடித்தால்
மே மாதம் வரை விடாது.
அதனால்தான் சொல்கிறேன்,
குழாயும் வேண்டாம், தகரச் சத்தமும் வேண்டாம்.
ஒரு படகுத்துறைக் காத்திருப்பு அறை.
கடைசிப் படகு ரத்து.
ஏழு பேர் வெளியிலிருந்து வருகிறார்கள்,
மழை அவர்கள்மேல் மட்டும் இருக்கிறது.
(நாடகம் நானே எழுதியது.
அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.
உடைகளைப் பற்றிக் கேளுங்கள்.)

காரிலிருந்து மூன்றே எட்டில் உள்ளே வந்தவளுக்குத்
தோளில் மட்டும், உப்புத் தூவினாற்போல்.
குன்றிறங்கி நடந்து வந்தவனுக்கு
முன்புறம் கறுத்து, முதுகு காய்ந்து.
காற்று மேற்கிலிருந்து. வரைபடம், இணைப்பு இரண்டு.
கைக்குழந்தையைச் சுமந்து வந்தவளுக்கு
மார்பில் ஒரு காய்ந்த இடம்,
குழந்தையின் அளவில்.
அதை வரைந்த இரவு நான் தூங்கவில்லை.

ஐந்தாமவன் சொல்வான்:
'பக்கத்து வீடுதான், இப்போதுதான் கிளம்பினேன்.'
அவன் கால்சட்டை முழங்கால் வரை ஈரம்.
மேடையில் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.
வசனத்திலும் இல்லை.
ஆறாவது வரிசையில் யாரோ ஒருத்தி
இருமலை அடக்கிக்கொண்டு
சற்றே முன்னால் குனிவாள்.
அந்தக் குனிவுக்காகத்தான்
என் கடைசி வருடம் முழுக்க.

அறைத்தோழி துவா
மூன்று வாரமாக நீச்சல்குளத்தில் போய்க் குளிக்கிறாள்.
எங்கள் தொட்டியில் கோட்டுகள் ஊறுகின்றன.
கம்பளி, காய்ந்து இரண்டு கிலோ, நனைந்து ஐந்தரை.
கான்வாஸ் விறைத்துக்கொண்டு கோபித்து நிற்கும்.
நைலான் ஒரு உதறலில்
எனக்கொன்றும் தெரியாதே என்றுவிடும்.
ஒரு தபால்காரியை வழிமறித்து
கோட்டை எடைபோடலாமா என்றேன்.
மீன்கடைத் தராசில் போட்டோம்.
கிலோ என்ன விலை என்றார் கடைக்காரர்.

வியாழன், காலை பத்து மணி,
மேசைக்கு அப்பால் மூன்று பேர்.
ஹெர்டிஸ் முதலில் கேட்டார்:
தொண்ணூறு நிமிட நாடகம், அதற்குள் காயாதா?
காயும் என்றேன். அதுதான் திட்டம்.
ஆளுக்கு மூன்று உடை:
நனைந்தது, காய்ந்துகொண்டிருப்பது, காய்ந்தது.
நனைந்தது நிஜத்தில் நனையாது.
மெழுகு, சாயம்,
கீழ் மடிப்புக்குள் ஈயக் குண்டுச் சரம்.
ஏழு மூன்று இருபத்தொன்று.
நிதி ஒன்பதுக்கு மட்டும் என்றார் அவர்.
அப்புறம், யாருமே மேடையை விட்டுப் போவதில்லையே,
எங்கே மாற்றுவார்கள்?

எட்டுப் பக்கத்தில் அதற்கு ஒரு பக்கமும் இல்லை.
ஜன்னலில் தண்ணீர் வழிந்தது.

ஓடுன் அதுவரை வாய் திறக்கவில்லை.
ஏன் தாமதம் என்று மட்டும் கேட்டார்.
பேருந்து என்றேன்.
நிறுத்தம் எங்கள் வாசலிலேயே இருக்கிறது,
கூரையோடு.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
கீழே பார்த்தார்.
உள்ளே வரப் பயந்து
துறைமுகத்தை இரண்டு முறை சுற்றியது
என் ஜீன்ஸில் முழங்கால் வரை
ஏறி நின்றிருந்தது.
ஏதோ குறித்துக்கொண்டார்.

அனுமதி. நிபந்தனையோடு.
ஒன்பதே உடை. உடைமாற்றத்துக்கு விளக்கம்.
தலைப்பு திங்களுக்குள்.

அறைக்கு வந்தும் ஜீன்ஸைக் கழற்றவில்லை.
கடிகாரத்தை எதிரில் வைத்து உட்கார்ந்தேன்.
பைத்தியமா, சளி பிடிக்கும் என்றாள் துவா.
முழங்கால், நாற்பது நிமிடம்.
கெண்டைக்கால், ஒரு மணி ஐந்து.
தொண்ணூறாவது நிமிடத்தில்
கீழ் மடிப்பைப் பிழிந்தேன்.
இரண்டு சொட்டு.

அப்படியென்றால் ஐந்தாமவனுக்கு
ஒரே கால்சட்டை போதும்.
இனி எட்டு உடையில் ஆறு பேர்.